பழைய கச்சேரி, பழைய சிறை, பழைய தபாற்கந்தோர்: மலையகத்தின் அரசாங்கக் கட்டடங்களைப் படமெடுப்பது பற்றிய கேள்வி பதில்

பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கமராவைத் தூக்கிக்கொண்டு கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் அலைகிறேன். வாரநாட்களில் ஹட்டனுக்குக் கிட்ட ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். நான் எடுப்பது பெரும்பாலும் வேலை போன அரசாங்கக் கட்டடங்களை: மூடிய சிறை, கைமாறிய பங்களா, கந்தோர் (அலுவலகம்) வேறு இடத்துக்குப் போனபிறகு களஞ்சியமாகிவிட்ட மண்டபம். படங்களைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு நாலு வரி போதும். சிலதற்குப் போதவில்லை.

நீர்வீழ்ச்சியும் தேயிலை மலையும் இருக்க, கச்சேரியைப் போய் ஏன் எடுக்கிறீர்கள்?

எங்கள் வீட்டில் இருந்த முதல் புகைப்படமே ஓர் அரசாங்கக் கந்தோருக்காக எடுத்ததுதான். தாத்தா, பாட்டி, நாலு பிள்ளைகள், எல்லாரும் ஒரே வரிசையில். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்று தலவாக்கலை டவுனில் எடுத்தார்களாம். பிறகு தாத்தா மனம் மாறிவிட்டார். பெரிய மாமா மட்டும் பின்னாளில் தன் குடும்பத்தோடு போனார். படம் ட்ரங்குப் பெட்டியிலேயே கிடந்தது.

அது எங்கே எடுத்தது என்று கேட்டால் பாட்டி ஸ்டூடியோவைச் சொல்லமாட்டார். "கண்டியில வரிசையில நின்னோமே, அதுக்கு எடுத்தது" என்பார். எந்தக் கட்டடத்துக்கு முன்னால் நின்ற வரிசை என்று கேட்டால், "படி வச்ச கட்டடம்" என்பார். கண்டியில் படி வைக்காத அரசாங்கக் கட்டடம் எங்கே இருக்கிறது? அதைத் தேடிப் போனதில்தான் இந்தப் பழக்கம் தொற்றியது.

'முன்னாள் அரசாங்கக் கட்டடம்' என்பதில் எதெது அடங்கும்?

என் கணக்கு கொஞ்சம் தாராளமானது. கச்சேரி, நீதிமன்றம், சிறை, பொலிஸ் நிலையம், தபாற்கந்தோர், ரயில் நிலையம், ஆஸ்பத்திரி, ஆளுநர் தங்கிய மாளிகை. இவற்றில் மூடப்பட்டவையும் வேலை மாறியவையும் வரும். மாறப்போகிறது என்று பேச்சு அடிபடுபவையும் வரும். அரசாங்கம் எடுத்து நடத்திவிட்டு விட்ட தோட்டக் கட்டடங்களையும் சேர்த்துக்கொள்கிறேன். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இலங்கைக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி அல்ல. அரசாங்க அதிபர் இருந்த கந்தோர். இப்போது மாவட்டச் செயலகம் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள், ஆனாலும் ஆட்கள் கச்சேரி என்றுதான் சொல்கிறார்கள். மதுரையிலிருந்து வந்த ஒரு நண்பர், நான் கச்சேரிக்குப் போகிறேன் என்றதும் யார் பாடுகிறார்கள் என்று கேட்டார்.

இலங்கைச் சட்டப்படி எது 'புராதனம்'?

இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் ஒரு தேதியில் கோடு கிழிக்கிறது: 1815 மார்ச் 2. அதற்கு முந்தியது என்றால் புராதனம். அதற்குப் பிந்திய கட்டடத்தைத் தனியாக வர்த்தமானியில் அறிவித்தால்தான் பாதுகாப்பு.

அந்தத் தேதி சும்மா வந்ததல்ல. கண்டி மகுல் மடுவ என்ற அரச மண்டபத்தில் பிரதானிகளும் ஆங்கிலேயரும் ஒப்பந்தம் செய்த நாள் அது. இலங்கையின் கடைசி இராச்சியம் முடிந்த நாள். ஆகவே சட்டத்தின் பார்வையில் நாட்டின் 'பழமை' ஒரு வியாழக்கிழமையோடு முடிந்துவிடுகிறது.

இப்போது மலையகத் தமிழரான எங்கள் ஆட்களின் கதையைப் பக்கத்தில் வையுங்கள். கம்பளைக்குக் கிட்ட சிங்ஹபிட்டியவில் கோப்பித் தோட்டம் போட்டது 1820களில். தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்ததும் அப்போதிலிருந்துதான். 2023இல் இருநூறு வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த இருநூறு வருடமும் கோட்டுக்கு இந்தப் பக்கம். கோடு போட்டவர்கள் எங்களை ஒதுக்க நினைத்துப் போட்டிருக்கமாட்டார்கள். எங்களை நினைத்தே இருக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

அதனால் மலையகத்தில் கமராவோடு போகிறவர் இரண்டு வகைக் கட்டடங்களைச் சந்திக்கிறார். ஒன்றுக்கு வேலி, போர்டு, டிக்கெட், காவலாளி எல்லாம் இருக்கும். மற்றதற்குக் கூரைத் தகரம் போனால் போனதுதான்.

கண்டியில் எங்கே தொடங்கலாம்?

தலதா மாளிகைக்கு அருகிலுள்ள பழைய அரண்மனையில் தொடங்குங்கள். அரசன் இருந்த வீடு. 1815க்குப் பிறகு ஆங்கிலேயப் பிரதிநிதி ஜோன் டொய்லி அதில்தான் குடியிருந்தார். அவருக்குப் பின் அரசாங்க அதிபர்கள். இன்று தொல்பொருள் நூதனசாலை. நூறு வருடத்துக்கு மேல் அது அரசாங்க வீடு என்பதை உள்ளே போய்வருகிறவர்கள் பெரும்பாலும் அறியமாட்டார்கள், ஏனென்றால் நூதனசாலை என்று வந்தவுடன் கட்டடம் மீண்டும் அரசனுடையதாகிவிட்டது. இடையில் இருந்த நூறு வருடம் சுண்ணாம்புக்கு அடியில். அதைத்தான் தேடிப் படமெடுக்க வேண்டும்: பிற்காலத்தில் வெட்டிய ஜன்னல், பொருந்தாத கதவுப் பிடி, வேறு அளவில் இருக்கும் செங்கல்.

குளக்கரையில் இருக்கும் உல்பென்கே இன்னும் சுவாரசியம். அரசியர் குளித்த மண்டபம். ஆங்கிலேயர் மேல்மாடி கட்டி வாசிகசாலை ஆக்கினார்கள். பிறகு பொலிஸ். குளியல், வாசிப்பு, காவல், எல்லாம் ஒரே அத்திவாரத்தில். தண்ணீர் தெளிவாக இருக்கும் காலையில் குளத்தின் எதிர்ப்பக்கம் நின்று எடுத்தால் கீழ்மாடியும் மேல்மாடியும் வேறு வேறு ஆட்கள் கட்டியவை என்பது படத்திலேயே தெரியும்.

குளத்தையே வெட்டியவர் கடைசி அரசன் ஸ்ரீ விக்ரம இராஜசிங்கன். தென்னிந்திய நாயக்கர் வழி வந்தவர், 1832இல் வேலூரில் கைதியாக இறந்தார். அவருடைய உறவினர்கள் குடியிருந்த தெரு ஆங்கிலேயர் வாயில் மலபார் வீதி ஆயிற்று. தெருப்பெயர்ப் பலகையை ஒரு படம் எடுத்து வையுங்கள். பலகைகள் மாறும்.

ஒரு எச்சரிக்கை: 1998 ஜனவரி 25 தலதா மாளிகைக் குண்டு வெடிப்புக்குப் பிறகு அந்தச் சுற்றாடலில் பாதுகாப்பு இறுக்கம். சோதனைச் சாவடியையும் காவலில் நிற்பவரையும் படத்துக்குள் கொண்டுவர வேண்டாம்.

போகம்பறைச் சிறை?

1876இல் திறந்த சிறை. 2014 ஜனவரியில் கைதிகளைப் பல்லேகலைக்குக் கொண்டுபோய்விட்டு மூடினார்கள். கண்டி நகரத்தின் நட்ட நடுவில், மார்க்கெட்டுக்கும் பஸ் நிலையத்துக்கும் அருகில், இவ்வளவு பெரிய மதில். அதை ஹோட்டல் ஆக்குவது, கலாசார நிலையம் ஆக்குவது என்று எத்தனையோ திட்டம் பேசினார்கள். 2020இல் கொரோனா வந்ததும் கைதிகளைத் தனிமைப்படுத்த மறுபடி திறந்தார்கள். 'முன்னாள்' என்ற சொல்லை அரசாங்கக் கட்டடத்துக்கு அவசரப்பட்டு வைக்கக்கூடாது என்று அன்றைக்குக் கற்றேன்.

கண்டியில் யாரிடம் கேட்டாலும் இந்தச் சிறைக்கு ஒரு கதை இருக்கும். உத்துவன்கந்தை சரதியேல் என்ற பேர்போன கொள்ளைக்காரனை இதற்குள்தான் தூக்கிலிட்டார்கள் என்று ஓர் ஓட்டோக்காரர் எனக்குச் சத்தியம் செய்தார். சரதியேலைத் தூக்கிலிட்டது 1864இல். சிறை வந்தது பன்னிரண்டு வருடம் கழித்து. நான் அவரைத் திருத்தவில்லை. பெரிய மதில் ஒன்று நின்றால் ஊரில் உள்ள பழைய சாவுகள் எல்லாம் வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். நினைவு வேலை செய்வது அப்படித்தான்.

உண்மையில் நடந்த பெரிய கதை ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இதற்குள் அடைத்துவைக்கப்பட்ட, இடதுசாரிகளான சமசமாஜக் கட்சித் தலைவர்கள், என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி நாலுபேரும், 1942 ஏப்ரலில் ஒரு சிறைக்காவலரின் உதவியோடு தப்பிப்போனார்கள். ஓட்டோக்காரர்கள் இதைச் சொல்வது குறைவு. தப்பிப்போனவர்களில் மூன்று பேர் பிறகு அமைச்சர்களாகிவிட்டார்கள், அது காரணமாக இருக்குமோ என்னவோ.

படத்துக்கு: முன்வாசலை எல்லாரும் எடுத்துவிட்டார்கள். மார்க்கெட் பக்கத்துத் தெருவில் மதிலோடு ஒட்டி வாழைப்பழம் விற்கிறவர்களோடு சேர்த்து எடுங்கள். உள்ளே போக அனுமதி வேண்டும், அது ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு மாதிரி.

நுவரெலியா தபாற்கந்தோர் இன்னும் இயங்குகிறதே, அது எப்படி உங்கள் பட்டியலில்?

1894இல் கட்டிய சிவப்புச் செங்கல் கட்டடம், மணிக்கூட்டுக் கோபுரத்தோடு. இங்கிலாந்துக் கிராமம் ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தமாதிரி. 2017இலும் 2023 நவம்பரிலும் இதைச் சுற்றுலாவுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதனால்தான் பட்டியலில் இருக்கிறது.

அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் 'மரபு' என்ற சொல்லைப் பாவித்தன. ஒரு பக்கத்துக்கு மரபு என்றால் செங்கலும் கோபுரமும், ஹோட்டல் ஆனாலும் அவை நிற்கும். மறுபக்கத்துக்கு உள்ளே முத்திரை விற்பதும் மரபில் சேர்ந்தது. நான் இரண்டாவது பக்கம். எனக்குச் சொந்தக் காரணம் உண்டு: கூடலூரிலிருந்து மாமா எழுதிய நீல ஏரோகிராம் எல்லாம் இந்த வழியாகத்தான் வந்தன. தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் தொடங்கிய தமிழ்நாட்டு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அவர் வேலை. இங்கே பிடுங்கிய கொழுந்தை அங்கே பிடுங்கினார். 'ஆண்டவன் புண்ணியத்தில் நலம்' என்று தொடங்கி, மடித்து ஒட்டும் ஓரம் வரை எழுதியிருப்பார்.

ஆகவே வெளியே நின்று கோபுரத்தை எடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். முத்திரை ஒன்று வாங்குங்கள். கவுண்டரில் கேட்டுவிட்டு உள்ளே இருக்கும் மரவேலையை எடுங்கள். கட்டடத்தை ஹோட்டலாக்கினால் முதலில் கழற்றப்படுவது அந்தக் கவுண்டர்தான்.

அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் கிராண்ட் ஹோட்டல். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கட்டிய வீட்டைச் சுற்றி வளர்ந்தது. புல்வெளியில் டீ ஒன்றின் விலை கொழுந்து பறிக்கிறவரின் நாள் சம்பளத்தில் நல்ல பங்கை விழுங்கும். ஒரு படம் போதும்.

எங்கள் ஆட்களுக்கும் இந்தக் கட்டடங்களுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் வெள்ளைக்காரன் கட்டியதுதானே?

இதை என் மாணவி ஒருத்தி கேட்டாள். கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

1947 தேர்தலில் எங்கள் ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனம் வென்றது. அடுத்த வருடமே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்கள் ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949இல் வாக்குரிமையும் போனது. அதே வருடம், இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். கலியாணம் ஆனவர் என்றால் 1946க்கு முன் ஏழு வருடம், ஆகாதவர் என்றால் பத்து வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். எப்படிக் காட்டுவது? பிறப்புச் சான்றிதழ், தோட்டத்துச் செக்ரோல் (பேர்ப் பதிவேடு), தோட்டத்துரையின் கடிதம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவே இருக்காது. 825,000 பேருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு.

பிறகு 1964 அக்டோபர் 30, இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்து, 1974இல் பாதி பாதியாக. மீதி இருந்தவர்களின் நாடற்ற நிலையை முடிக்க வந்த சட்டம் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கம். ஐம்பத்தைந்து வருடம்!

இந்த ஐம்பத்தைந்து வருடமும் ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு கட்டடத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தது. கச்சேரி, பதிவாளர் கந்தோர், தபாற்கந்தோர், மறுபடியும் கச்சேரி. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, கட்டுச்சோற்றோடு. வெள்ளைக்காரன் கட்டினான், சரி. அதன் வாசற்படியைத் தேய்த்தது எங்கள் காலும்தான் என்று அவளுக்குச் சொன்னேன்.

பாட்டியின் 'படி வச்ச கட்டடத்துக்கு' வருகிறேன். கண்டியில் ஏழெட்டுக் கட்டடங்களின் முகப்பை எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். ஒன்றையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "இதெல்லாம் நாங்க எங்க பாத்தோம்" என்றார். பிறகு தற்செயலாக, ஒரு பழைய கந்தோரின் கம்பி போட்ட சின்ன ஜன்னலைக் கீழே இருந்து எடுத்த படம் கைக்கு வந்தது. பார்த்தவுடன், "இந்த மாதிரிதான். குனிஞ்சாத்தான் உள்ள இருக்கிறவன் மொகம் தெரியும்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

வரிசையில் நின்றவருக்கு முகப்பு தெரியாது. முன்னால் நிற்பவரின் முதுகு, படி, கம்பி, ஒரு கை, இவ்வளவுதான் தெரியும். கோபுரமும் வளைவும் தூணும் தூரத்தில் நிற்க நேரம் உள்ளவர்களுக்கானவை. தேசம் நினைவு வைத்திருப்பது அந்தத் தூரத்துப் படத்தைத்தான். முத்திரையில் அச்சடிப்பது அதை, வெள்ளை பூசுவது அதற்கு. அன்றிலிருந்து எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதல் படத்தை வரிசை நின்றிருக்கக்கூடிய இடத்திலிருந்து, நாலே முக்கால் அடி உயரத்தில் எடுக்கிறேன். பாட்டியின் உயரம் அது.

தோட்டத்துப் பங்களாவும் லயமும் அரசாங்கக் கட்டடமா?

1972 காணிச் சீர்திருத்தச் சட்டம், 1975இல் அதன் திருத்தம். கம்பனித் தோட்டங்கள் எல்லாம் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. ஜனவசம என்ற அரசாங்கத் தோட்டச் சபையும் பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. 1992இல் நிர்வாகத்தைப் பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். நிலம் குத்தகைக்குத்தான் போனது, சொந்தம் அரசாங்கத்துடையதே. ஆகவே சட்டப்படி பார்த்தால் லயம் நிற்பது அரசாங்க நிலத்தில். ஆனால் கூரை ஒழுகுகிறது என்று கச்சேரிக்குப் போனால் தோட்டத்தைக் கேட்கச் சொல்வார்கள். தோட்டத்தைக் கேட்டால், அரசாங்கம் வீடு கட்டித் தரப்போகிறது என்பார்கள்.

படமெடுக்கிறவர்களுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. பழைய களஞ்சியக் கதவு, தராசு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்து மணி, கொழுந்துச் சாக்கு, இவற்றில் அந்தப் பதினேழு வருடத்து ஜனவசம எழுத்து இன்னும் சில இடங்களில் அழியாமல் கிடக்கிறது. வெள்ளைக்காரக் கம்பனியின் பெயரைச் சுற்றுலாவுக்காகத் திரும்ப எழுதுகிறார்கள். ஜனவசம எழுத்தை யாரும் திரும்ப எழுதப்போவதில்லை. கண்டால் எடுத்துவிடுங்கள்.

இரண்டு நூதனசாலைகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கண்டி ஹந்தானையில் தேயிலை நூதனசாலை, பழைய பெக்டரிக் கட்டடத்தில். உருளைகளும் இயந்திரங்களும் பளபளவென்று இருக்கும். கம்பளைக்குக் கிட்ட, பழைய பீகொக் தோட்டத்தில், தொழிலாளர் நூதனசாலை ஒரு லயத்திலேயே இருக்கிறது. 10க்கு 12 அடிக் காம்பரா என்று பாடப்புத்தகத்தில் வாசிப்பது வேறு, லென்ஸை எவ்வளவு அகலமாக்கியும் நாலு சுவரும் ஒரே படத்தில் வராமல் முதுகு சுவரில் இடிப்பது வேறு.

தண்ணீருக்கடியில் ஊர் இருக்கிறதாமே?

இருக்கிறது. 1969இல் மவுசாகலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் மூழ்கியது. நல்ல வறட்சி வந்தால் நீர் இறங்கி, கோயிலும் சுவர்களும் வெளியே வரும். விக்டோரியா அணைக்கு அடியில் பழைய தெல்தெனிய. பங்குனி, சித்திரையில் தோட்டத்து ஆட்களிடம் விசாரித்துவிட்டுப் போங்கள். ஒரு வருடம் நான் போனபோது, எண்பது வயது ஐயா ஒருவர் சேற்றில் குடைக்கம்பியால் கோடு இழுத்துக் காட்டினார்: இது கடைத்தெரு, இது தபாற்கந்தோர், இது நான் கடன் வைத்த கடை. சேறு ஆளை விழுங்கும், தனியாக இறங்க வேண்டாம்.

எங்கள் கட்டடம் ஒன்று இந்தியாவில் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னீர்களே?

மண்டபம் முகாம். இராமேஸ்வரத்துக்குக் கிட்ட, இந்திய மண்ணில், இலங்கை அரசாங்கம் நடத்தியது. தோட்டத்துக்கு வருகிறவர்களை அங்கே வைத்துச் சோதித்து, நோயில்லை என்று கண்டபின் கப்பலேற்றினார்கள். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பிப்போனவர்கள் அதே முகாமில் போய் இறங்கினார்கள். எண்பதுகளில் போரிலிருந்து ஓடியவர்களும் அங்கேதான். மாமாவும் தலைமன்னார் வரை கோச்சியில் (ரயிலில்) போய், இராமானுஜம் கப்பலேறி, அங்கே இறங்கினவர்தான். அந்தக் கோச்சிக்குப் பாட்டி வைத்த பெயர் அழுகைக் கோச்சி. நான் மண்டபத்தை இன்னும் எடுக்கவில்லை.

அனுமதி எப்படி? பொலிஸ் பிடிக்குமா?

பொது வீதியில் நின்று சாதாரண சிவில் கட்டடத்தின் வெளிப்புறத்தை எடுப்பதற்குப் பொதுவாகப் பிரச்சினை வராது. இராணுவ முகாம், பொலிஸ் நிலையம், அணைக்கட்டு, இயங்கும் சிறை, இவற்றை எடுக்காதீர்கள். தியத்தலாவையில் 1900இல் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த சுமார் 5,000 போயர் கைதிகளை வைத்திருந்தார்கள். அருமையான கதை, ஆனால் இடம் இன்று படை முகாம். கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு மலையைப் பாருங்கள். ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், இல்லாமல் ஏற்றி மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

மற்றபடி, கேட்டுவிட்டு எடுப்பது நல்லது. வாசலில் இருக்கும் காவலாளியோடு ஒரு பிளேன்டீ குடித்தால் பாதி வேலை முடிந்தது. எனக்கு ஒரேயொரு முறைதான் சண்டை வந்தது. பாழடைந்த கந்தோர் ஒன்றில், எங்கிருந்தோ வந்த ஒருவர் எல்லாப் படத்தையும் அழிக்கச் சொன்னார். நான் எந்த ஊர், எந்தத் தோட்டம், அடையாள அட்டை எங்கே என்று வரிசையாகக் கேட்டார். அட்டையை நீட்டும்போது பாட்டியின் ஜன்னல் ஞாபகத்துக்கு வந்தது. படங்களை அழித்தேன். கார்டிலிருந்து மீட்டெடுக்கும் மென்பொருள் உண்டு என்பது அவருக்குத் தெரியாது.

என்ன கமரா? எந்த மாதம்?

போனும் போதும். அகல லென்ஸைப் பாவித்து, மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்து எடுத்தால் சுவர்கள் பின்னால் சாயும். ஆகவே பின்னுக்குப் போய், கமராவை மட்டமாகப் பிடியுங்கள். பனியில் கமரா ஏமாந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கும், வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை அடைமழை. அப்போது பதுளை, பண்டாரவளைப் பக்கம் போங்கள். மார்கழியில் அது தலைகீழ். ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும், காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அரிசி போட்டால் தூசிதான் மிஞ்சும்.

பெயர்ப்பலகைகளை ஏன் இவ்வளவு எடுத்து வைத்திருக்கிறீர்கள்?

சுவர் பொய் சொல்லலாம், பலகை சொல்லாது. தபாற்பெட்டியின் இரும்பில் எந்த அரசரின் எழுத்து வார்த்திருக்கிறது என்று பாருங்கள், காலம் தெரியும். 1956 தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பிறகு வந்த பலகைகளில் தமிழ் காணாமல் போன இடங்கள் உண்டு. 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆன பிறகு, பழைய பலகையின் அடியில் இடுக்கிக்கொண்டு ஒரு தமிழ் வரி வந்து உட்கார்ந்திருக்கும். அந்த வரியின் எழுத்து மற்றவற்றைவிடச் சின்னது, பெயின்ட் புதிது. எழுத்துப்பிழையும் இருக்கும். பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாரை 'நாய்மார்' ஆக்கிய நாடு இது. சிரித்துவிட்டு எடுங்கள், திருத்துவதற்கு முன்பே எடுங்கள்.

படத்துக்குக் கீழே என்ன எழுதுவது?

இடம், நாள், கட்டடம் அன்று என்னவாக இருந்தது, இன்று என்ன, அதைச் சொன்னவர் யார், அவருக்கு அது எப்படித் தெரியும். அழகான சொற்களைத் தவிர்க்கப் பாருங்கள். 'காலத்தால் மறக்கப்பட்ட' என்று எழுதினால், மறந்தவர் யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவியதாகிவிடும்.

இதை நானாகக் கற்கவில்லை. பூட்டிக் கிடந்த சின்னக் கந்தோர் ஒன்றின் படத்துக்குக் கீழே 'கைவிடப்பட்ட கந்தோர்' என்று எழுதி, பாடசாலைக் கண்காட்சியில் மாட்டியிருந்தேன். பேத்தியோடு வந்த ஒரு பெரியவர் நெடுநேரம் அதன் முன்னால் நின்றார். அங்கே இருபத்தாறு வருடம் பியூனாக இருந்தவராம்.

"கைவிடல்ல மாஸ்டர், பூட்டினது. நான்தான் பூட்டினேன்" என்றார்.

எந்த நாள் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலரை, மழை தூறிக்கொண்டிருந்தது, சாவியை டவுனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க பஸ் கிடைக்காமல் நடந்தே போனார். பேனாவை எடுத்து, பழைய வரியை வெட்டிவிட்டு அதை எழுதினேன். வருடத்தை மட்டும் அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.